கொதிக்கிற பழைய கார்: குற்றம் ரேடியேற்றரில் மட்டும் இல்லை

பழைய மொறிஸ் மைனரோ ஒஸ்ரின் ஏ40யோ வைத்திருப்பவர் "கார் கொதிக்குது" என்று வாய் திறந்தால் போதும், பக்கத்தில் நிற்கிற எல்லாரும் வைத்தியராகி விடுவார்கள். தேர்மோஸ்ரற்றை, அதாவது என்ஜினிலிருந்து ரேடியேற்றருக்குப் போகிற தண்ணீரைத் திறந்து மூடுகிற வால்வை, கழற்றி எறியச் சொல்வார் ஒருவர். அந்தத் தண்ணீரைக் காற்றில் ஆற வைக்கிற ரேடியேற்றரை மாற்றினால் சரி என்பார் இன்னொருவர். ரேடியேற்றர் மூடியை இறுக்கிப் பூட்டாதேங்கோ, ஆவி வெளியில் போகட்டும் என்பார் மூன்றாமவர். தண்ணீரில் கலக்கிற கூலன்ற் மருந்து எல்லாம் பனி விழுகிற நாட்டுக்காரருக்கு, எங்களுக்குக் கிணற்றுத் தண்ணி போதும் என்பது கிட்டத்தட்ட எல்லாரும் ஒத்துக்கொள்கிற கருத்து.

இந்த நாலிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அதனால்தான் இவை சாகாமல் உலாவுகின்றன. ஆனால் நாலுக்கும் அடியில் கிடப்பது ஒரே பிழையான எண்ணம்: என்ஜினை எவ்வளவு குளிராக வைத்திருக்கிறோமோ அவ்வளவு நல்லது என்பது. குளிரூட்டும் தொகுதி அதற்காகச் செய்யப்பட்டதே இல்லை. என்ஜினை ஒரு குறிப்பிட்ட சூட்டில், கூடவும் விடாமல் குறையவும் விடாமல், பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. இது விளங்கிவிட்டால் எந்த வைத்தியம் எப்போது சரி, எப்போது வீண் செலவு என்பது பெரும்பாலும் தானாகவே தெளிந்துவிடும்.

இலங்கையின் வடக்கே, எங்கள் வன்னியில், இந்தப் பேச்சுக்கு ஒரு தனி நியாயமும் உண்டு. பரந்தன், கிளிநொச்சி, புதுக்குடியிருப்புப் பக்கங்களில் இன்றும் ஓடுகிற பழைய கார்கள் சும்மா பிழைத்து வந்தவை அல்ல. போர்க்காலத் தடையால் பெற்றோல் வராத 90களில் மண்ணெண்ணெயில் ஓடியவை அவற்றில் பல. கிடைத்த சாமானால் ஒட்டுப் போட்டு ஓட்டிய காலம் அது. அந்த ஒட்டுகளில் சில இன்னும் உள்ளேயே இருக்கின்றன.

குளத்து மட்டமும் என்ஜின் சூடும்

இரணைமடுக் குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கனகராயன் ஆற்றால் தண்ணீர் உள்ளே வருகிறது. துருசு வழியாக வாய்க்காலுக்குப் போகிறது. வருவதும் போவதும் சமமாக இருந்தால் மட்டம் அப்படியே நிற்கும். வரத்துக் கூடினாலும் மட்டம் ஏறும், வாய்க்கால் அடைபட்டாலும் ஏறும். மட்டம் ஏறுகிறது என்ற ஒன்றை மட்டும் வைத்து எது காரணம் என்று குளக்கட்டில் நின்றுகொண்டு சொல்ல முடியாது. போய்ப் பார்க்கத்தான் வேண்டும்.

காரில் தண்ணீர் மட்டத்தின் இடத்தில் இருப்பது சூடு. எரிகிற பெற்றோல்தான் ஆறு. ரேடியேற்றர் வாய்க்கால். தேர்மோஸ்ரற் துருசு. ரேடியேற்றர் மூடி, மிஞ்சின தண்ணீரை வெளியேற்றுகிற வான்கதவு. வெப்பநிலை என்பது வருகிற சூட்டுக்கும் போகிற சூட்டுக்கும் இடையிலான கணக்கு, அவ்வளவுதான். எனவே "ஏன் கொதிக்கிறது?" என்று கேட்பதற்கு முன் "சூடு கூடுதலாக வருகிறதா, அல்லது போக வழியில்லாமல் நிற்கிறதா?" என்று கேட்க வேண்டும். ரேடியேற்றரை மட்டும் மாற்றுகிறவர் இந்தக் கேள்வியின் ஒரு பாதியைக் கேட்காமலே காசைக் கொடுக்கிறார்.

உள்ளே வருகிற சூடு எவ்வளவு?

என்ஜினில் பெற்றோல் எரியும்போது சிலிண்டருக்குள் வாயுவின் சூடு ஒரு கணத்துக்கு 2000 பாகை செல்சியஸையும் தாண்டும். என்ஜின் வார்க்கப்பட்ட இரும்பு உருகுவதற்கு 1200 பாகையே போதும். அது உருகாமல் நிற்பதற்குக் காரணம், சிலிண்டரைச் சுற்றி ஓடுகிற தண்ணீர் சூட்டை உடனுக்குடன் இழுத்துக்கொண்டு போவது.

எரிகிற பெற்றோலின் சக்தியில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு, சில வேளை அதற்கும் குறைவு, சில்லைச் சுழற்றப் போகிறது. இன்னொரு மூன்றில் ஒரு பங்கு சைலன்சரால் புகையோடு போய்விடும். மிச்சத்தில் பெரும்பகுதி தண்ணீருக்கு வருகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மைனர் ஒன்று மணிக்கு 65 கிலோமீற்றர் வேகத்தில், லீற்றருக்கு 13 கிலோமீற்றர் ஓடுகிறது என்று வையுங்கள். மணிக்கு 5 லீற்றர் எரிகிறது. அதில் மூன்றிலொரு பங்கு தண்ணீருக்கு என்றால் சுமார் 15 கிலோவற் சூடு. மைனரின் தொகுதி முழுவதிலும் இருக்கிற தண்ணீர் 5 லீற்றர் அளவுதான். ரேடியேற்றர் வேலை செய்யாமல் நின்றால், இரும்பு குடிக்கிற சூட்டைக் கணக்கில் எடுக்காமல் பார்த்தால், அந்த 5 லீற்றரும் 30 பாகையிலிருந்து கொதிநிலைக்கு வர இரண்டு நிமிடம்கூட ஆகாது. ஃபான் பெல்ற் அறுந்தால் ஏன் அடுத்த கடைத்தெருவரை ஓட்டிப் பார்க்கக் கூடாது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

வருகிற சூடு இதைவிடக் கூடுவதும் உண்டு. இக்னிஷன் ரைமிங், அதாவது தீப்பொறி விழுகிற நேரம், பிந்தியிருந்தால் பெற்றோல் பிந்தி எரிந்து, தள்ள வேண்டிய சக்தி சூடாக மாறி, சிலிண்டர்களை மேலே மூடுகிற ஹெட்டுக்குள் இறங்கும். பெற்றோலையும் காற்றையும் கலக்கிற காபரேற்றரில் பெற்றோல் குறைவாகவும் காற்றுக் கூடுதலாகவும் போனாலும் சூடு ஏறும். பிறேக் பிடித்தபடி இருந்தால் என்ஜின் சும்மா கூடுதலாக உழைக்கும். மண்ணெண்ணெயில் ஓடிய காலத்தில் என்ஜின்கள் 'டக் டக்' என்று அடித்தது நினைவிருக்கும். மண்ணெண்ணெய் நேரத்துக்கு முந்தி வெடித்துத் தட்டுகிற எரிபொருள். அந்தத் தட்டலும் ஹெட்டுக்கு மேலதிகச் சூட்டைக் கொடுக்கும். அந்த ஓட்டத்துக்காக மாற்றி வைத்த ரைமிங்கைப் பெற்றோல் வந்த பிறகும் திருப்பி வைக்காத கார் ஏதும் அகப்பட்டால், முதல் வேலை அதைச் சரிபார்ப்பது.

தண்ணீர் சுற்றுகிற வழி

என்ஜினுக்குள் சிலிண்டர்களைச் சுற்றி வார்ப்பிலேயே விடப்பட்ட வெற்றிடத்துக்கு வோட்டர் ஜாக்கற் என்று பெயர். தண்ணீர் அதற்குள் சூடேறி, ஹெட்டுக்கு மேலே வந்து, மேல் ஹோஸ் வழியாக ரேடியேற்றரின் மேல் தாங்கிக்குப் போகிறது. அங்கிருந்து ஒடுங்கிய பித்தளைக் குழாய்கள் வழியாக இறங்கும்போது, குழாய்களுக்கு இடையிலுள்ள மெல்லிய தகடுகளூடாகக் காற்றுப் போய்ச் சூட்டை எடுக்கிறது. குளிர்ந்த தண்ணீர் கீழ் ஹோஸ் வழியாக மறுபடி என்ஜினுக்கு வருகிறது.

தள்ளுவது யார்? வோட்டர் பம்ப் என்பீர்கள். சரிதான், ஆனால் எல்லாக் காரிலும் இல்லை. 1948இல் வந்த முதல் மைனர்களில் பம்பே கிடையாது. சூடான தண்ணீர் இலேசாகி மேலே ஏறும், குளிர்ந்தது பாரமாகிக் கீழே இறங்கும், அந்த வித்தியாசமே தண்ணீரைச் சுழற்றும். இதற்குத் தேர்மோசைபன் என்று பெயர். இந்த முறையில் ஒரு நுணுக்கம் உண்டு: மேல் ஹோஸின் வாய் தண்ணீரில் மூழ்கியிருக்க வேண்டும். மட்டம் அதற்குக் கீழே இறங்கினால் ஓட்டம் உடனே நின்றுவிடும். பம்ப் உள்ள கார் கொஞ்சம் குறைந்த தண்ணீரோடும் சமாளிக்கும், தேர்மோசைபன் கார் சமாளிக்காது. ஆகவே உங்கள் காரில் எது இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

பின்னால் வந்த மைனர்களில், 1952இலிருந்து மைனருக்கு வந்த ஏ-சீரிஸ் என்ஜினில், விசிறியும் வோட்டர் பம்பும் ஒரே பெல்ற்றில் ஓடுகின்றன. ஹெட்டையும் பம்பையும் இணைக்கிற ஒரு குட்டி ரப்பர் குழாய் உண்டு, விரல் நீளம்கூட வராது. பைபாஸ் ஹோஸ் என்பது அதுதான். தேர்மோஸ்ரற் மூடியிருக்கும்போதும் தண்ணீர் என்ஜினுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்க அது வழிவிடுகிறது. மெக்கானிக்மாரை அதிகம் திட்ட வைத்த சாமான் எதுவென்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். இரண்டு இரும்புக்கு நடுவில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கும், ஒழுகினாலும் ஹெட்டுக்கு அடியில் வைக்கிற ஹெட் கஸ்கற் ஒழுகுகிறது என்று நினைக்க வைக்கும். சாதாரண ஹோஸ் போட வேண்டுமென்றால் பம்பைக் கழற்ற வேண்டும். மடிப்பு மடிப்பாக வருகிற ஹோஸ் கிடைத்தால் நசுக்கி உள்ளே விட்டுவிடலாம். பம்ப் எதற்காகக் கழன்றாலும் இதையும் சேர்த்து மாற்றுவது கெட்டித்தனம்.

இதுவரை சொன்னதைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள்: பெற்றோல் சூட்டைக் கொண்டு வருகிறது, தண்ணீர் அதைச் சுமக்கிறது, ரேடியேற்றர் அதைக் காற்றில் விடுகிறது. முதலாவது கூடினாலும், மற்ற இரண்டில் எங்கே தடங்கல் வந்தாலும் சூட்டு மட்டம் ஏறும்.

தேர்மோஸ்ரற்றைக் கழற்றலாமா?

தேர்மோஸ்ரற் ஒரு தானியங்கி வால்வு. மேல் ஹோஸ் தொடங்குகிற இடத்தில் இருக்கும். தண்ணீர் குறித்த சூட்டுக்கு வரும்வரை ரேடியேற்றருக்குப் போகிற வழியை மூடி வைத்திருக்கும், வந்ததும் மெல்ல மெல்லத் திறக்கும். மைனருக்கு 74, 82, 88 பாகையில் திறப்பவை உண்டு. சூட்டு நாட்டுக்கு 74, குளிர் நாட்டுக்கு 88. செய்த கொம்பனிக்காரருக்கே எங்கள் வெயில் தெரிந்திருக்கிறது.

இதைக் கழற்றினால் என்ன நடக்கும்? காலையில் என்ஜின் நெடுநேரம் குளிராகவே ஓடும். குளிர்ந்த சிலிண்டரில் பெற்றோல் முழுதாக ஆவியாகாமல் சுவரில் படிந்து, அங்கே இருக்க வேண்டிய ஒயிலைக் கழுவி இறக்கும். பிஸ்ரன் றிங் தேயும், ஒயில் கெடும், பெற்றோல் கூடுதலாகக் குடிக்கும். கோடையில் துருசை மூடாமல் விட்ட குளத்துக்கு வருகிற கேடு இது. கார் கொதிக்காது, ஆகவே யாரும் இதை ஒரு பழுதாகவே எண்ணுவதில்லை.

இன்னொன்று உண்டு, இது பலருக்குத் தெரியாது. சில பழைய என்ஜின்களில் தேர்மோஸ்ரற் திறக்கும்போது அதன் கீழ்ப்பக்க வளையம் எழும்பிப் பைபாஸ் வழியை மூடிவிடும். அப்படிப்பட்டதைக் கழற்றினால் பைபாஸ் எந்நேரமும் திறந்தே கிடக்கும். சுடுதண்ணீரில் ஒரு பகுதி ரேடியேற்றரை எட்டியும் பார்க்காமல் என்ஜினுக்குள்ளேயே சுற்றும். குளிரட்டும் என்று கழற்றியவருக்குக் கார் முன்னையதைவிடக் கூடுதலாகச் சூடேறும். கழற்றியே ஆக வேண்டும் என்றால் அந்த இடத்தில் பிளாங்கிங் சிலீவ் என்கிற வெறும் வளையத்தைப் போட வேண்டும். அந்தக் காலத்திலேயே சூட்டு நாடுகளுக்கென்று அது விற்பனைக்கு இருந்தது.

அப்படியென்றால் கழற்றச் சொல்கிற பழக்கம் எப்படி வந்தது? மெழுகு அடைத்த தேர்மோஸ்ரற் பழுதானால் பெரும்பாலும் மூடியபடி நின்றுவிடும். நடுவழியில் அது நின்றால் கழற்றிவிட்டு ஓட்டுவதுதான் ஒரே வழி. அவசரத்துக்குச் செய்த வேலை நிரந்தர வைத்தியமாகிவிட்டது.

சோதிப்பது மிக இலகு. தேர்மோஸ்ரற்றை ஒரு நூலில் கட்டி, தண்ணீர் உள்ள பாத்திரத்துக்குள் அடி முட்டாமல் தொங்க விடுங்கள். பக்கத்தில் ஒரு வெப்பமானியும் வேண்டும். அடுப்பை மூட்டுங்கள். குறித்த சூடு வந்ததும் வால்வின் விளிம்பில் மயிரிழை இடைவெளி தெரியும், பிறகு அது விரியும். முழுதாகத் திறக்க இன்னும் பத்துப் பன்னிரண்டு பாகை ஏறலாம். இறக்கி ஆற விட, மறுபடி மூட வேண்டும். திறக்காவிட்டாலும் மூடாவிட்டாலும் புதிது போடுங்கள். இந்தச் சோதனைக்கு ஒரு தேத்தண்ணி ஊற்றுகிற நேரம் போதும். இதைச் செய்யாமல் ரேடியேற்றருக்குக் காசு கட்டுகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

மூடி வெறும் மூடி இல்லை

கடல் மட்டத்தில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். அழுத்தம் கொடுத்தால் கொதிநிலை ஏறும். ரேடியேற்றர் மூடிக்குள் இருக்கிற ஸ்பிறிங் அந்த அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. மைனர் 1000இன் மூடி சதுர அங்குலத்துக்கு 7 இறாத்தல் பிடிக்கும். அதனால் உள்ளே தண்ணீர் கொதிக்க 111 பாகை வேண்டும். அதற்கு மேல் அழுத்தம் ஏறினால் மூடி திறந்து சிறு குழாயால் வெளியே விடும். அதுதான் வான்கதவு.

மூடியைத் தளர்வாக விடுகிறவர் இந்த 11 பாகையை இழக்கிறார். ரப்பர் வளையம் காய்ந்து வெடித்த மூடியும் அதேதான். மறுபக்கம், 13 இறாத்தல் மூடியைப் பழைய ரேடியேற்றருக்குப் போட்டால் இன்னும் நல்லது என்று நினைக்கிறவர்களும் உண்டு. ஈயம் பற்ற வைத்த பழைய தாங்கி அந்த அழுத்தத்துக்குச் செய்யப்பட்டதில்லை. ஈயப் பொருத்து விட்டுப்போகும், அல்லது ஹோஸ் வெடிக்கும். மூடியின் மேல் அடித்திருக்கிற இலக்கம் உங்கள் காருக்குச் சொல்லப்பட்ட இலக்கமா என்று பாருங்கள்.

இதோடு சேர்த்து ஒன்று. பழைய கார்களில் மேலதிகத் தண்ணீர் போய் நிற்கத் தனிப் போத்தல் இல்லை. 5 லீற்றர் தண்ணீர் 30 பாகையிலிருந்து 85க்குப் போகும்போது 140 மில்லிலீற்றர் வரை விரியும். கழுத்துவரை நிரப்பினால் அந்த அளவு வெளியே போகத்தான் செய்யும். காலையில் பார்த்தால் மட்டம் ஒரு அங்குலம் குறைந்திருக்கும். "தண்ணி குடிக்குது" என்று மறுபடி கழுத்துவரை ஊற்றுவோம், மறுபடி துப்பும். மேல் தாங்கியில் குழாய்கள் மூடுமளவு தண்ணீர் நின்றால் போதும். அந்த மட்டம் நாளுக்கு நாள் இறங்கினால் மட்டுமே ஒழுக்கு.

எங்கள் வெயில், எங்கள் றோட்டு

ரேடியேற்றர் எவ்வளவு சூட்டை விடும் என்பது தண்ணீருக்கும் காற்றுக்கும் இடையிலான சூட்டு வித்தியாசத்தைப் பொறுத்தது. இங்கிலாந்தில் காற்று 15 பாகை, தண்ணீர் 85 என்றால் வித்தியாசம் 70. மாங்குளத்தில் சோளகக் காற்று அடிக்கிற ஒரு மத்தியானத்தில் காற்று 35 என்றால் வித்தியாசம் 50. அதே ரேடியேற்றர், அதே கார், ஆனால் வெளியேறுகிற சூடு கிட்டத்தட்ட நூற்றுக்கு முப்பது பங்கு குறைந்துவிடுகிறது. கார் புதிதாக இருந்தபோது இந்த இழப்பைத் தாங்க மேலதிகக் கொள்ளளவு இருந்தது. பாதிக் குழாய் அடைத்த பிறகு அது இல்லை.

றோட்டும் மாறிவிட்டது. ஏ9 வீதி குண்டும் குழியுமாகக் கிடந்த காலத்தில் பழைய கார் முப்பது நாற்பதில்தான் ஊர்ந்தது. கார்பெற் போட்ட பிறகு எழுபதில் போகிறோம். வேகம் கூட, எரிகிற பெற்றோலும் வருகிற சூடும் கூடும். "முந்தி ஒரு நாளும் கொதிக்காத கார், இப்ப நல்ல றோட்டிலை கொதிக்குது" என்பதில் புதுமை ஒன்றும் இல்லை. முந்தியும் ரேடியேற்றர் அடைபட்டுத்தான் இருந்தது, வேகம் குறைவாக இருந்ததால் தெரியவில்லை.

உள்வீதிகளில் கிரவல் புழுதியும், அறுவடை நேரத்தில் வைக்கோல் தூசும், இரவில் பூச்சியும் ரேடியேற்றரின் தகடுகளை அடைக்கும். முன்பக்கம் துப்புரவாகத் தெரிந்தாலும் நடுவில் அடைத்திருக்கும். தண்ணீர்க் குழாயை என்ஜின் பக்கமிருந்து முன்பக்கமாக, மெல்லிய வேகத்தில் பிடித்துக் கழுவ வேண்டும். வாகனம் கழுவுகிற பிறெஷர் துப்பாக்கியைக் கிட்டப் பிடித்தால் தகடுகள் மடிந்துவிடும்.

நிற்பாட்டின பிறகு ஏன் கொதிக்கிறது?

முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க நிற்பாட்டாத வாகனம் ஏ9இல் குறைவு. கும்பிட்டு, கச்சான் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தால் பொனற்றுக்கு அடியில் தண்ணீர் ஒழுகி நிற்கும். ஓடும்போது சும்மா இருந்தது, நின்ற பிறகு கொதிக்கிறதே என்று ஆச்சரியப்படுவோம்.

என்ஜினை நிற்பாட்டியதும் பம்பும் விசிறியும் நின்றுவிடுகின்றன. ஆனால் சிலிண்டர் சுவரும் வால்வைச் சுற்றிய இரும்பும் தண்ணீரைவிட மிகச் சூடாக இருக்கின்றன. அந்தச் சூடு நின்றுபோன தண்ணீருக்குள் தொடர்ந்து இறங்கும். குளத்துக் கணக்கில் சொன்னால், மழை விட்ட பிறகும் ஆற்றுத் தண்ணீர் குளத்துக்கு வந்துகொண்டிருக்கிறது, வாய்க்காலோ ஓடாமல் நிற்கிறது. நல்ல கார்களிலும் சூட்டைக் காட்டுகிற கேஜ் சில பாகை ஏறத்தான் செய்யும். கொதித்து வழிகிறது என்றால் கார் ஏற்கெனவே விளிம்பில் ஓடி வந்திருக்கிறது என்று அர்த்தம். வேகமாக வந்த காரை உடனே அணைக்காமல் ஒரு நிமிடம் ஐடிலில், அதாவது அக்சிலேற்றரை மிதிக்காமல், ஓட விட்டு நிற்பாட்டுங்கள்.

மைனரில் வெப்பநிலைக் கேஜ் கொம்பனியிலிருந்து வரவே இல்லை. ஆவி பறந்த பிறகுதான் ஓட்டுகிறவருக்குத் தெரியும். நாற்பது வயதைத் தாண்டிய என்ஜினுக்கு ஒரு கேஜ் பூட்டுவது அழகுக்குக் குறைவு என்று சிலர் சொல்வார்கள். நான் அந்தக் கட்சி இல்லை.

கிணற்றுத் தண்ணீர் என்ன செய்கிறது?

எங்கள் பக்கத்துக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் கடினமானது, அதாவது கல்சியம் உப்புகள் கரைந்தது. கேத்தலுக்குள் வெள்ளையாகப் படிகிறதே, அதே படிவு வோட்டர் ஜாக்கற்றுக்குள்ளும் ரேடியேற்றர்க் குழாய்க்குள்ளும் படிகிறது. இந்தச் சுண்ணாம்பு இரும்பைவிடப் பல மடங்கு மெதுவாகவே சூட்டைக் கடத்தும். கேஜில் 85 காட்டினாலும் படிவுக்குப் பின்னால் இருக்கிற இரும்பு அதைவிட மிக அதிகச் சூட்டில் இருக்கும். ஹெட் வெடிப்பது அங்கேதான்.

ஒரு முறை நிரப்பிய தண்ணீரில் இருக்கிற உப்புப் படிந்து முடிந்துவிட்டால் அதற்கு மேல் படிய ஒன்றும் இல்லை. தினமும் கழுத்துவரை ஊற்றுகிறவர்தான் தினமும் புதுச் சுண்ணாம்பை உள்ளே அனுப்புகிறார். வெளியே துப்பிய தண்ணீரைப் பற்றிய தவறான கவலை உள்ளே படிவாக மாறுகிறது.

மாரியில் பிடித்து வைத்த மழைத்தண்ணீர் நல்லது. பற்றரிக்கு ஊற்றுகிற தண்ணீரும் நல்லது. ஆனால் வெறும் தண்ணீர், எவ்வளவு சுத்தமானாலும், இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். கூலன்ற் இங்கேதான் வருகிறது. அதிலுள்ள கிளைக்கோல் தண்ணீர் உறைவதைத் தடுப்பது எங்களுக்குத் தேவையில்லை, உண்மைதான். ஆனால் அதோடு கலந்து வருகிற துருத்தடுப்பு மருந்து எங்களுக்குத்தான் கூடுதலாகத் தேவை. கொதிநிலையையும் அது சில பாகை ஏற்றும். ஒரு விசயம் மட்டும்: சூட்டைச் சுமப்பதில் வெறும் தண்ணீரே கெட்டிக்காரன். கூலன்றை நிறையக் கலந்தால் கார் இன்னும் குளிரும் என்பது பிழை. மூன்றில் ஒரு பங்கு போதும். அது இனிக்கும், நஞ்சும்கூட. வடித்ததை வளவில் ஊற்ற வேண்டாம், நாயும் கோழியும் குடித்துவிடும்.

நெடுங்காலம் நின்ற காரென்றால் முதலில் என்ஜின் பக்கவாட்டிலுள்ள வடிகால் திருகைத் திறவுங்கள். பல வேளை திருகு கழன்றும் ஒரு சொட்டும் வராது. தண்ணீர் இல்லை என்று நினைக்க வேண்டாம். ஒரு கம்பியை உள்ளே விட்டுக் குத்தினால் முதலில் கறுப்பாகக் களி வரும், பிறகு செம்மண் நிறத்தில் தண்ணீர் பாயும். அந்தக் களி கடைசிச் சிலிண்டரின் அடியில் வருடக்கணக்காக இறுகியிருந்தது. புது ரேடியேற்றர் போட்டும் கொதிக்கிற பல காருக்கு நோய் இங்கேதான். தேர்மோஸ்ரற்றைக் கழற்றிவிட்டு, வழக்கமான ஓட்டத்துக்கு எதிர்த்திசையில் குழாயைப் பிடித்து, தெளிந்த தண்ணீர் வரும்வரை கழுவ வேண்டும். படிவு மிஞ்சியிருந்தால் சிற்றிக் அமிலத்தை இலேசாகக் கரைத்து ஊற்றி, என்ஜினைச் சூடாக்கி, வடித்து, நன்றாகக் கழுவலாம். கழிப்பறை கழுவுகிற அமிலத்தை ஊற்ற வேண்டாம். படிவோடு ஈயப் பொருத்தையும் இரும்பையும் அது சேர்த்துத் தின்னும்.

ஒழுக்கை அடைக்க மஞ்சள் தூள் போடுகிற வைத்தியம் ஒன்று உண்டு. வேலை செய்யும், மறுப்பதற்கில்லை. தூளுக்கு ஓட்டை எது, குழாய் எது என்று தெரியாது என்பதுதான் சிக்கல். வீடு வந்து சேரப் போட்டால், வந்ததும் கழுவிவிடுங்கள்.

சுருக்கமாக, தண்ணீர் பற்றி: மென்மையான தண்ணீர், மூன்றிலொரு பங்கு கூலன்ற், தேவையில்லாமல் ஊற்றாமல் இருப்பது.

எங்கே தேடுவது?

கராஜ்களில் இப்படி ஒரு பேச்சு அடிக்கடி நடக்கும்.

"தம்பி, போன மாதம்தான் ரேடியேற்றர் மாத்தினது. பிறகும் கொதிக்குது."

"எப்ப கொதிக்குது அண்ணை? மெதுவா ஓடேக்கையோ, இழுத்து ஓடேக்கையோ?"

"பரந்தன் சந்தியிலை நிக்கேக்கை ஒண்டுமில்லை. ஆனையிறவு வெளியிலை இழுத்தா ஏறுது."

"கீழ் ஹோஸைப் பாத்தனீங்களோ?"

இந்தத் தம்பி சரியான கேள்வியைக் கேட்கிறார். மெதுவாக ஓடும்போதோ நிற்கும்போதோ மட்டும் சூடேறினால் காற்றுப் போதவில்லை: பெல்ற் தளர்வு, விசிறி பிழை, தகடுகளில் தூசி. பெல்ற்றின் நீண்ட பக்கத்தைப் பெருவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் இறங்க வேண்டும், அதற்குமேல் இறங்கினால் வழுக்கும். வேகமாக ஓடும்போது மட்டும் ஏறினால் காற்றுத் தாராளமாக வருகிறது, தண்ணீர்தான் போதுமான அளவு ஓடவில்லை: குழாய் அடைப்பு, பம்ப் இறகு தேய்வு, அல்லது கீழ் ஹோஸ்.

கீழ் ஹோஸ் பம்ப் உறிஞ்சுகிற பக்கம். பழைய ரப்பர் மெதுத்திருந்தால், என்ஜின் வேகமாகச் சுழலும்போது உறிஞ்சலில் தட்டையாகி ஒட்டிக்கொள்ளும். நிற்பாட்டிப் பொனற்றைத் திறந்தால் பழையபடி உருண்டு நிற்கும், குற்றவாளியைக் கையும் களவுமாகப் பிடிக்க முடியாது. ஒருவரை அக்சிலேற்றரை மிதிக்கச் சொல்லிவிட்டு, விசிறியில் கை படாமல், ஹோஸைப் பாருங்கள். ஒடுங்குகிறதென்றால் உள்ளே சுருள் கம்பி உள்ள ஹோஸ் போட வேண்டும்.

ரேடியேற்றர்தானா என்று பார்க்க, கார் ஓடிவந்து நின்றதும் என்ஜினை அணைத்துவிட்டு அதன் முகத்தில் மேலிருந்து கீழாகக் கையைக் கிட்டக் கொண்டுபோங்கள். மேலே கூடுதல் சூடும் கீழே குறைவும் இருப்பது இயல்பு. நடுவில் ஒரு திட்டு மட்டும் குளிர்ந்திருந்தால் அங்கே தண்ணீர் ஓடவில்லை. மேல் தாங்கியின் ஈயத்தை இளக்கிக் கழற்றி, ஒவ்வொரு குழாய்க்குள்ளும் தட்டைக் கம்பி விட்டுத் துப்புரவாக்கித் திரும்பப் பற்ற வைக்கிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். பித்தளைச் சட்டம் நல்லதாக இருந்தால் அதைத் திருத்துவதுதான் என் விருப்பம்.

என்ஜின் குளிர்ந்திருக்கும்போது மூடியைத் திறந்து ஸ்ராட் பண்ணியதும் தண்ணீரில் விடாமல் குமிழி வந்தால், அல்லது ஒயில் ஊற்றுகிற மூடியின் அடியில் வெளிறிய பசை ஒட்டியிருந்தால், ஹெட் கஸ்கற்றைச் சந்தேகியுங்கள். அதற்கு ரேடியேற்றர் மாற்றிப் பயனில்லை.

வழியில் கொதித்துவிட்டால்

ஓரமாக்கி, என்ஜினை அணைத்து, பொனற்றைத் திறந்துவிட்டு விலகி நில்லுங்கள். மூடியைத் தொட வேண்டாம். உள்ளே 100 பாகையைத் தாண்டிய தண்ணீர் அழுத்தத்தால் மட்டும் கொதிக்காமல் அடங்கியிருக்கிறது. மூடி கழன்ற கணத்தில் அது ஆவியாகி முகத்துக்கு வரும். குறைந்தது அரை மணித்தியாலம் ஆற விட வேண்டும். மேல் ஹோஸைத் துணியால் பிடித்து அமுக்கிப் பாருங்கள், இறுக்கமாக இருந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. பிறகு தடித்த துணியை மூடிமேல் போட்டு, முதல் பூட்டுவரை மட்டும் திருப்பி, சீறல் அடங்கிய பிறகு முழுதாகக் கழற்றுங்கள்.

சூடான என்ஜினுக்குள் பச்சைத் தண்ணீரை ஒரேயடியாக ஊற்றினால் வார்ப்பிரும்பு ஒரு பக்கம் சுருங்கி வெடிக்கும். என்ஜினை ஐடிலில் ஓட விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக, ஓடுகிற தண்ணீரோடு கலக்கிற மாதிரி ஊற்றுங்கள். சுடுதண்ணீர் கிடைத்தால் இன்னும் நல்லது. எவ்வளவு பிடித்தது என்பதைப் போத்தல் கணக்கில் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கராஜில் கேட்கிற முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.